பத்தொன்பது பேர்

ஷமா லண்டனில் படித்தது என்ன படிப்பு என்று ஊட்டி பஜாரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. அவள் அத்தா அப்சலுக்கு மெயின் பஜாரில் தைலக்கடை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம்பொண்ணு சர்வதேச வளர்ச்சி படிச்சிருக்குங்க" என்று பெருமையாகச் சொல்வார். பக்கத்து வர்க்கிக் கடை தினகரன் ஒருநாள், "எந்த வளர்ச்சிங்க பாய்? முடி வளர்ச்சியா? அப்ப உங்க கடையிலேயே ஒக்காந்துக்கலாமே" என்று கேட்டுவிட்டார். பஜாரே சிரித்தது. ஷமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. படிப்பு முடிந்து பதினாலு மாசம். எண்பத்து மூன்று விண்ணப்பம். பசியை ஒழிக்கப் போகிறேன், தண்ணீர் கொண்டுவரப் போகிறேன் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே பதில்: களத்தில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்? அதை யார் கேட்கிறது? போன் ஒருதரம் அதிர்ந்தால் போதும், சோற்றுக் கையோடு எடுத்துப் பார்ப்பாள்.

அப்படி இருக்கையில்தான் மூணு மாச ஒப்பந்தம் ஒன்று வந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனம், குன்னூருக்குக் கீழே இருக்கும் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கணக்கெடுப்பு நடத்துகிறது. டெல்லியில் இருக்கும் ஜாபேஸ்தான் அதற்கு மேலதிகாரி. "இதை நல்லா முடிச்சுக் குடுங்க ஷமா. நைரோபி ஆபீஸ்ல ஒரு இடம் இருக்கு, உங்க பேரைச் சொல்றேன்" என்றார். அன்றைக்கே அவள் மனசு நைரோபிக்குக் குடிபோய்விட்டது.

குடிபோனதுதான் வினை. இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழாக்கியது ஷமா. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனது கோயமுத்தூரிலிருந்து வந்த நாலு பேர். அவள் கடை மாடியில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தாள், நடுநடுவே நைரோபியில் வீட்டு வாடகை எவ்வளவு என்று பார்த்தாள். 'உங்கள் வீட்டில் மாதம் வேலைக்குப் போவது எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு இருபது, பதினெட்டு, பத்தொன்பது என்று பதில் வந்து விழுந்தது. அடேயப்பா, ஒற்றை அறை வீட்டில் இத்தனை ஜனமா என்று வாயைப் பிளந்தாளே தவிர, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. 'கடும் நெரிசல், கூடுதலாக இருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும்' என்று அறிக்கை எழுதினாள். ஜாபேஸுக்கு ஏக சந்தோஷம். நைரோபிக்காரர்கள் வியாழக்கிழமை நேர்காணல் வைத்தார்கள்.

அறிக்கையின் அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார் ஜாபேஸ். புதன்கிழமை ஷமா லைனுக்குப் போனாள். அவள் போனது, பத்தொன்பது பேர் என்று கணக்கில் இருந்த மருதாம்பாள் வீட்டுக்கு. எட்டு வயசில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, அன்று முதல் இந்த எஸ்டேட்டிலேயே இருக்கிற மனுஷி. வீட்டில் இருந்தது மருதாம்பாளும் மகள் சசிகலாவும்தான்.

"மத்தவங்க எல்லாம் எங்கீங்க?"

"யாரு மத்தவங்க? நாங்க ரெண்டு பேருதான்."

"பத்தொம்பது பேர்னு சொல்லியிருக்கீங்களே."

"ஆமா புள்ள, போன மாசம் எனக்குப் பத்தொம்பது பேருதான் விழுந்துச்சு. ரெண்டு நாள் கொழுந்து கொறைஞ்சு போச்சுன்னு கணக்கப்புள்ள அரைப்பேரு போட்டுட்டாரு. இல்லாட்டி இருவது வந்திருக்கும்."

ஷமா கேட்டுக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள். சிலோன் தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, அந்த நாளின் கூலி. வேலைக்கு வந்தவரின் பெயரைப் பதிவார்கள், அதனால் பேர். ஒரு பஸ் தூரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியவில்லை. மருதாம்பாள் விஷயம் புரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். "சசி, இங்க வா. இந்தப் புள்ள நம்ம லைன்ல ஐநூறு பேரைக் குடி வச்சிருச்சு." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் மெதுவாகக் கேட்டார்: "ஆள் அதிகம்னு எழுதுனா எறக்கி விட்டுருவாங்களா? எனக்கு அடுத்த மாசம் ரிட்டையர்டு. வேலையில இருக்கவங்களுக்குத்தான் எஸ்டேட் வீடு. இனி மக பேர்லதான் இந்த வீட்ல ஒண்டணும்."

ஷமா போட்டோ எடுக்காமலே பஸ் ஏறிவிட்டாள். ஊட்டி வரைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சொன்னால் நைரோபி போச்சு. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அறிக்கைகளை யார் படிக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். படிப்பார்கள் என்று நம்பித்தானே இந்தப் படிப்பையே படித்தாள். அந்த எரிச்சலில் அத்தா கொடுத்த டீயைக் குடிக்காமலே ஆற விட்டாள்.

நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான். "ஒரு வீட்டில் பத்தொன்பது பேர். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"கண்டுபிடிக்கல. அது பத்தொன்பது நாள். வார்த்தை தெரியாம நான்தான் தப்பாக் கேட்டேன். அறிக்கை எழுதுறதுக்கு முன்னால ஒரு வீட்டுக்கும் நான் போகல" என்றாள் ஷமா, இங்கிலீஷில். திரையில் தெரிந்த மூன்று பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். ஜாபேஸ் கூப்பிட்டுக் கத்தினார், அறிக்கையை நிறுத்தினார், ஒப்பந்தம் இத்தோடு சரி என்றார்.

சனிக்கிழமை மெயில் வந்தது. களத்தில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டுமாம். அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். மனசு இன்னும் நைரோபியில்தான் கிடந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு கோடு போட்ட நோட்டோடு லைனில் போய் நின்றாள். சரியான கணக்கை ஜாபேஸுக்கு அனுப்பாமல் விட அவளுக்கு மனசு வரவில்லை. வாங்கினால் வாங்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

"உங்க ஊட்டுல எத்தனை ஆளுங்க?"

"ரெண்டு ஆளு. எழுதிக்க." மருதாம்பாள் கூடையை எடுத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு உனக்குப் பேரு உண்டா புள்ள?"

"இல்லீங்க. அரைப்பேர்கூட இல்ல."

மருதாம்பாள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நாய் இருக்கு, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார். ஷமா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.