பதின்மூன்று வார்த்தை வாக்கியமும் ஆல்சிட் மாமாவும்

லைல் ஹோவோர்காவை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் விடுதியின் துணி துவைக்கும் அறையில். ஒன்பது ஒற்றைக் காலுறைகளை மேசைமேல் பரப்பி வைத்து, எதிரே நின்று அவற்றுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "குவார்ட்டர்பேக் வேலை. ஒரு ஆள் குறையுது. உன்கிட்ட காலுறை இருக்கா?" என்றான். ஒன்று கொடுத்தேன். அதை இடப்பக்க ஓரத்தில் வைத்துவிட்டு, மூச்சு விடாமல் பதின்மூன்று வார்த்தைகளை ஒப்பித்தான். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. திரும்ப முதலிலிருந்து ஒப்பித்தான்.

அப்போது நாங்கள் முதலாம் ஆண்டு. அவன் ஊர் எங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல். நெப்ராஸ்காவில் அந்தப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான், ஒரு தானியக் களஞ்சியம், ஒரு தேவாலயம், நூற்று நாற்பது பேர். அவன் அப்பா களஞ்சியத்தில் மக்காச்சோள லாரிகளை எடை போடுபவர். அவன் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன், எங்கள் வீட்டில் நான். எங்கே பேசினாலும் இதை ஒருமுறை சொல்லிவிடுவது என் வழக்கம். அவனுக்கு அந்த வழக்கம் கிடையாது.

லைலின் பள்ளியில் பதினொரு பேர் சேர்க்கப் பையன்கள் இல்லை. பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், எட்டுப் பேர் ஆடும் வகையைத்தான் ஆடினார்கள். ஓடுவதா எறிவதா என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். கல்லூரிக்கு வந்தபின்தான் ஓர்ம்ஸ்பி கோச்சின் வாக்கியத்தைப் பார்த்தான்.

ஓர்ம்ஸ்பி எங்கள் தலைமைப் பயிற்சியாளர். அறுபது வயது, எப்போதும் ஒரே சாம்பல் நிறத் தொப்பி. அவருடைய தாக்குதல் முறை ஒரு தனி மொழி. ஒவ்வொரு முறை பந்தை நகர்த்துவதற்கு முன்னும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துபவன், தன் ஆட்களை வட்டமாகக் கூட்டி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். யார் எங்கே நிற்பது, முன்வரிசைத் தடுப்பாளர்கள் எந்தப் பக்கம் சாய்வது, பந்து பிடிப்பவர்கள் எவ்வளவு தூரம் ஓடி எங்கே திரும்புவது என்று எல்லாம் அதற்குள் இருக்கும். மற்ற கல்லூரிகளில் வாக்கியங்களை அச்சடித்து மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள். ஓர்ம்ஸ்பி அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மணிக்கட்டைப் பார்ப்பவன் மைதானத்தைப் பார்க்கமாட்டான் என்பார். ஓரத்தில் ஒருவன் நின்று கைச்சைகை காட்டுவான். அதைக் குவார்ட்டர்பேக் பார்த்து, மனதில் வார்த்தையாக்கி, வட்டத்தில் சொல்ல வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு வாக்கியங்கள்.

லைல் அவ்வளவையும் முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்துவிட்டான். ஆனால் கையில் வலு இல்லை. முப்பது கெஜம் தாண்டினால் அவன் எறிந்த பந்து களைத்துப்போய்த் தரையைத் தேடும். இது அவனுக்கே தெரியும். மூன்று ஆண்டு ஓரத்தில் நின்று சைகை காட்டினான். மைதானத்துக்குள் ஒரே ஒருமுறை இறங்கினான். ஜெயித்துவிட்ட ஆட்டத்தில் பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, நேரத்தைக் கடத்திவிட்டு வெளியே வந்தான். அந்தப் புகைப்படத்தை அவன் அம்மா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அவனுக்கு வேண்டியது வேறு. பட்டம் முடித்தபின் இதே அணியில் பட்டதாரி உதவியாளர் இடம் ஒன்று இருக்கிறது. பயிற்சியாளராக வேலை பழகலாம், மேற்படிப்பும் நடக்கும். அது கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி அப்பாவோடு லாரி எடை போட வேண்டியதுதான். நான்காம் ஆண்டு செப்டம்பரில், நான்காவது ஆட்டத்தில், முதல் குவார்ட்டர்பேக்கின் தோள் இறங்கிவிட்டது. ஓர்ம்ஸ்பி லைலைக் கூப்பிட்டு, புதுப் பையன் ரெமி கிட்ரிதான் இனி ஆடப்போகிறான் என்றும், அவனுக்கு வாக்கியங்களைச் சொல்லிக்கொடுப்பது லைலின் பொறுப்பு என்றும் சொன்னார். உதவியாளர் இடத்தைப் பற்றி லைல் மெல்ல இழுத்தான்.

"அந்தப் பையன் வட்டத்துல எப்படிப் பேசுறான்னு பாப்போம். டிசம்பர்ல சொல்றேன்" என்றார்.

ரெமி லூயிசியானாக்காரன், பதினெட்டு வயது. அவன் எறிந்தால் பந்து சீறிக்கொண்டு போகும். எதிரணி எங்கே ஆள் குறைத்திருக்கிறது என்பதை ஒரே பார்வையில் கண்டுவிடுவான். ஆனால் வாக்கியத்தில் ஆறாவது வார்த்தைக்கு மேல் அவனால் போக முடியவில்லை. "லாரி" என்ற குறிச்சொல் இருக்கும் இடத்தில் "ராஜர்" வரும், "டகோட்டா" காணாமல் போகும். பயிற்சியில் வட்டத்தில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். நடுவில் நின்று பந்தைப் பின்னால் தள்ளிக்கொடுப்பவன் சியோனே என்ற டோங்கா நாட்டுக் குடும்பத்துப் பையன், நூற்று நாற்பது கிலோ. "தம்பி, நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்பான்.

ஒரு நாள் மதியம் உணவறையில் காரமான பீன்ஸ் கறியும் பக்கத்திலேயே இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம். ரெமி தட்டை வெறித்துப் பார்த்தான். "இதைப் போய் யாரு சேத்து வச்சது? எங்க வீட்டு ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டை நீ பாக்கணும் லைல்" என்று ஆரம்பித்தான். பின்கட்டில் நீள மேசை, அதன்மேல் செய்தித்தாள் விரித்து வேகவைத்த நண்டும் இறாலும் கொட்டியிருப்பார்கள். ஆல்சிட் மாமா நேரே ஐஸ் பெட்டிக்குப் போய் டக்கென்று வெளிப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அத்தை மேசையைச் சுற்றி வருவாள். நாய் குறுக்கே பாயும். பதினான்கு பேர் எங்கே உட்காருவார்கள், எந்த வரிசையில் எழுந்து போவார்கள் என்று ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னான்.

லைல் கரண்டியைக் கீழே வைத்தான். இடப்பக்க ஓரத்தில் நிற்பவன் பத்து கெஜம் ஓடி வெளிப்பக்கம் திரும்பினால் அதற்குப் பெயர் டகோட்டா. ஆல்சிட் மாமா செய்வதும் அதைத்தான்.

அன்று மாலையே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினான். பத்து நாளில் அறுபத்திரண்டு வாக்கியங்களும் கிட்ரி வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளாக மாறிவிட்டன. லைல் சைகை காட்டினால் ரெமி மனதுக்குள் மாமாவையும் அத்தையையும் பார்ப்பான், அங்கிருந்து கோச்சின் வார்த்தைகளுக்கு வருவான். ஒரு சுற்று வழிதான், ஆனால் போய்ச்சேர்ந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களும் ஜெயித்தோம். ஓர்ம்ஸ்பி லைலின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நோட்டைப் பற்றி அவரிடம் லைல் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். டிசம்பர் வரை ஓடினால் போதும் என்று நினைத்தான்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, சொந்த மைதானம், நல்ல காற்று. கடைசிக் கால்பகுதியில் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் நகராவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்; இது முக்கியமான மூன்றாவது முயற்சி. லைல் சைகை காட்டினான், ரெமி தலையாட்டினான், வட்டத்துக்குள் குனிந்தான். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பத்துத் தலைகள் நிமிர்ந்து ரெமியைப் பார்த்தன. சியோனே இரண்டு கைகளையும் விரித்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர்ம்ஸ்பி வேறு வழியில்லாமல் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாதிக்கு மூன்று முறைதான் அப்படி நிறுத்த முடியும். அது எங்களுடைய கடைசி.

எல்லோரும் ஓரத்துக்கு வந்தார்கள்.

"என்னடா சொன்ன?" என்று கேட்டார் ஓர்ம்ஸ்பி.

"மறந்துட்டேன் கோச்" என்றான் ரெமி.

சியோனே வானத்தைப் பார்த்தான். பந்து பிடிப்பவர்களில் ஒருவனுக்கு அடக்க முடியவில்லை. "ஆல்சிட் மாமா ஐஸ் பெட்டிக்குப் போறாருன்னான் கோச். யாரு அந்த மாமான்னு எங்களுக்குத் தெரியல."

ஓர்ம்ஸ்பி ரெமியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெமி ஹெல்மெட்டின் பட்டையை நோண்டினான். லைல் பேசாமல் இருந்திருந்தால் பையனுக்கு ஏதோ குழப்பம் என்றே போயிருக்கும். அணிக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்கும் வேலை பார்த்த நான், பின்னால் நின்று புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். லைலின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

"அது நான் சொல்லிக்கொடுத்தது கோச். அவன் ஞாபகம் வச்சுக்கறதுக்காக. எல்லாத்துக்கும் அப்படி ஒண்ணு வச்சிருக்கோம்."

"எல்லாத்துக்கும்னா?"

"அறுபத்திரண்டுக்கும்."

ஓர்ம்ஸ்பி தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை ஏழு மணிக்கு வா. நோட்டு எதாவது இருந்தா எடுத்துட்டு வா" என்றார். பிறகு ரெமியின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்து, பதின்மூன்று வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெமி திருப்பிச் சொன்னான், போனான், எறிந்தான், டகோட்டா பலித்தது. அந்தத் தடவை பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளியும் எடுத்தோம்.

பாக்கி இரண்டு. கடைசி நிமிடத்தில் பந்து மறுபடி எங்களிடம் வந்தது, எதிரணிப் பக்கம் ஆழமாகப் போய்விட்டோம். உதைத்தால் மூன்று புள்ளி, ஜெயம். பந்தைப் பிடித்தவன் ஓரக்கோட்டைத் தாண்டியிருந்தால் கடிகாரம் நின்றிருக்கும், ஆனால் அவனைக் கோட்டுக்கு உள்ளேயே வீழ்த்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. உதைப்பவன் ஓடி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டு புள்ளியில் தோற்றோம்.

திங்கட்கிழமை ஓர்ம்ஸ்பி நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். காப்பி ஆறிப்போனது. லைலை உட்காரச் சொல்லவில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "இந்த பூடான் யாரு?" என்றார்.

"அவங்க வீட்டு நாய் கோச்."

"சரியான ஓட்டம் ஓடுது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். முகத்தில் சிரிப்பு இல்லை. தன் அணிக்குள் தனக்குத் தெரியாமல் இரண்டு மொழி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது, அதற்குள் அந்தப் பையன் தலையிலிருந்து மாமாவை வெளியேற்ற வேண்டும், போட்டவனே எடுக்கட்டும் என்றார். உதவியாளர் இடத்துக்குப் பெரிய கல்லூரியிலிருந்து ஒருவன் விண்ணப்பித்திருக்கிறான் என்பதையும் சொன்னார்.

சொல்லிக்கொடுப்பதைவிட மறக்கடிப்பது கஷ்டமாக இருந்தது. மாமாவை நினைக்காதே என்றால் ரெமிக்கு மாமாதான் முதலில் வந்தார். லைல் அவனை நடந்துகொண்டே சொல்லவைத்தான், படியேறிக்கொண்டே சொல்லவைத்தான், எதுவும் பலிக்கவில்லை. நான்காம் நாள் உடைமாற்றும் அறையில் சியோனே குறுக்கே வந்தான். அவனுக்குப் பொறுமை தீர்ந்திருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு தெரியல. அந்தப் பதிமூணுல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தேவை. லாரின்னா நான் இடது பக்கம் சாய்வேன், ராஜர்னா வலது பக்கம். மத்த பன்னெண்டையும் நான் கேக்கறதே இல்ல. நீ மாமா கதை சொல்லிட்டிருந்தா நான் எந்தப் பக்கம்டா சாயறது? நான் தப்பாச் சாஞ்சா உன் விலா எலும்புதான் போகும்."

ரெமி அவனை அண்ணாந்து பார்த்தான். "அப்போ இது எனக்காக இல்லையா?"

"உனக்கெதுக்கு? நீதான் எல்லாத்தையும் பாக்கறியே."

நான்கு ஆண்டாக அந்த வாக்கியங்களை ஒப்பித்துவந்த லைலுக்கே இது அன்றுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து பயிற்சியை மாற்றினான். பதினொரு பேரில் கிடைத்தவர்களை எல்லாம் நடைபாதையில் வட்டமாக உட்காரவைத்தான். ரெமி ஒவ்வொரு வார்த்தையைச் சொல்லும்போதும் அதற்கு உரியவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லாரி என்றால் சியோனேவைப் பார்க்க வேண்டும், டகோட்டா என்றால் இடது ஓரத்தில் நிற்பவனை. வார்த்தை தவறினால் அதற்கு உரியவன் பேசாமல் எழுந்து போய்விடுவான். முதல் நாள் ஆறு பேர் எழுந்து போனார்கள். மாமா, அத்தை, நாய் இருந்த இடங்களில் ஒவ்வொருவராகத் தோழர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் ரெமி இரண்டு இடத்தில் தடுமாறினான், அதற்கடுத்ததில் ஒரே இடத்தில். கடைசி ஆட்டத்தில் ஐம்பத்தெட்டு முறை வட்டம் கூட்டினான், ஐம்பத்தெட்டும் சரி. அதைத் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி ஓர்ம்ஸ்பி லைலைக் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொன்னார். உதவியாளர் இடம் அவனுக்குத்தான் என்றார். ஆனால் குவார்ட்டர்பேக்குகளோடு வேலை கிடையாது, அந்த அறைப் பக்கமே போகக்கூடாது. முன்வரிசைத் தடுப்பாளர்களோடு இருக்க வேண்டும்.

லைல் தன் எடை எழுபத்தாறு கிலோ என்றும், வாழ்நாளில் யாரையும் தடுத்ததே இல்லை என்றும் சொன்னான்.

"அந்த வாக்கியத்தைச் சொல்றவன் பக்கம் நாலு வருஷம் நின்னுட்ட. கேக்கிறவன் பக்கம் கொஞ்ச நாள் போய் உக்காரு" என்றார்.

லைலுக்கு அது தண்டனையா பதவியா என்று புரியவில்லை. என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியவில்லை, கையெழுத்துப் போடு என்றேன். மே மாதம் நாங்கள் இருவரும் ஒரே நாளில் பட்டம் வாங்கினோம். அவன் அப்பா களஞ்சியத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கழுத்து இறுக்கும் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் வந்திருந்தார். இருவரும் விழா முழுக்க மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரெமி அதன்பின் மூன்று ஆண்டு எங்கள் அணியை நடத்தினான். லைல் இரண்டு ஆண்டில் மேற்படிப்பை முடித்தான். இப்போது தெற்கு டகோட்டாவில் ஒரு சிறிய கல்லூரியில் முன்வரிசைத் தடுப்பாளர்களின் பயிற்சியாளனாக இருக்கிறான். பதினான்கு பையன்கள், எல்லோரும் அவனைவிடப் பெரியவர்கள். குவார்ட்டர்பேக்குகளைப் பயிற்றும் வேலைக்கு இரண்டு இடத்தில் விண்ணப்பித்திருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை.