ரெஜினா சுமந்து வந்த பிரதி

ரெஜினா இறந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்த வழியே எனக்குக் கொதிப்பேற்றியது. பழைய அலுவலக நண்பர்களின் கைபேசிக் குழுவில், விடிந்ததும் முதல் ஆளாக எங்கள் முன்னாள் மனேஜர் எழுதியிருந்தார்: "எங்கள் அன்புத் தங்கை ரெஜினா இறைவனடி சேர்ந்தார். யுத்த காலத்தில் திருகோணமலை அலுவலகத் தரவுகளைக் காப்பாற்ற நானும் அவரும் பட்ட பாடு மறக்க முடியாதது." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். முதலில் அழுதேன். பிறகு அதை மறுபடி படித்தேன். அந்த 'நானும்' என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ரெஜினாவை அறிந்தவர்களே, நடந்ததைச் சொல்லுகிறேன்.

துறைமுகத்தோரம் சரக்குக் கிடங்குகள் வைத்திருந்த கம்பெனி அது. எந்தக் கிடங்கில் யாருடைய கோதுமை மா, யாருடைய மருந்து, எந்த லொறியில் எங்கே போகிறது என்ற விபரம் முழுவதும் ஒரேயொரு கணினி ஸ்டோரேஜ் இயந்திரத்தில் இருந்தது. அதற்குப் பொறுப்பு ரெஜினா. ஷெல் ஒன்று கூரையில் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று அவருக்குத்தான் முதலில் பயம் வந்தது. அதே போன்ற இன்னோர் இயந்திரத்தைக் கண்டிக் கிளையில் வைத்து, திருகோணமலையில் எழுதப்படுவதை எல்லாம் தொலைபேசி லைன் வழியாக அங்கே பிரதி எடுக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். மனேஜர் அதை வீண் வேலை என்றார். கண்டி முனையில் இருந்தவன் நான். திருகோணமலைப் பக்கத்துக் கிளிவெட்டிக்காரன், பிழைப்புக்காகக் கண்டிக்குப் போனவன்.

எங்கள் நட்பு பெரும்பாலும் தொலைபேசியில் வளர்ந்தது. லைன் படு மெதுவு. "உங்கட கண்டிக் குளிரில மெஷினும் போர்த்துக்கொண்டு படுத்திட்டுதோ?" என்று சீண்டுவார். கண்டியில் பதிவானது உறுதியான பிறகே திருகோணமலையில் அடுத்த வேலை நகரவேண்டும் என்று நான் ஒருமுறை யோசனை சொன்னேன். "ஏலாது குகன். லொறிக்காரர் கேற்றில நிண்டு காயுவினம். முதல் இங்க எழுதுவம், கொஞ்சம் பிந்தி உங்களிட்ட வரட்டும். ஷெல் விழுந்தால் அந்தக் கொஞ்சத்தைத்தான் இழப்பம்" என்றார். இன்னொரு நாள் சொன்னது இன்றும் என் வேலையில் உதவுகிறது. "இங்க ஒருத்தன் பிழையா அழிச்சால் அங்கயும் அழியும். பிரதி கண்ணை மூடிக்கொண்டு செய்யும். அதால நேற்றைய நிலையை வேறயா எடுத்து வச்சிருங்கோ."

ஆனால் ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அன்றன்றைய மாற்றங்களைத்தான் அந்த லைன் தாங்கும். முதலாவது முழுப் பிரதியை அதில் அனுப்பினால் மாதக் கணக்காகும். ஆகவே அதை டிஸ்குகளில் எடுத்துக் கையால் கண்டிக்குக் கொண்டு வருவது என்று முடிவானது. அந்தக் காலத்தில் பெட்டி நிறைய டிஸ்குகளோடு ஒரு தமிழ்ப் பிள்ளை சோதனைச்சாவடியைத் தாண்டுவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரெஜினா மனேஜரிடம் கடிதம் கேட்டார். "கடிதம் எதுக்குப் பிள்ளை? மறிச்சால் என்ர நம்பரைக் குடும், நான் கதைக்கிறன்" என்றாராம் அவர்.

மறித்தார்கள். ரெஜினா நம்பரைக் கொடுத்தார். அங்கே நின்ற இராணுவ அதிகாரி அழைத்தார். மனேஜர் சிங்களத்தில் பதில் சொன்னார். அப்படி ஒரு சாமானும் எங்கள் கம்பெனிக்கு இல்லை, அந்தப் பெண் எதைக் கொண்டு போகிறாள் என்று தனக்குத் தெரியாது என்று. ரெஜினாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்று, ரிசீவரை மீறி வந்த அந்தக் குரலின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்.

ஒரு கிழமைக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். அவரை மீட்கத் தேவாலயத்துப் பங்குச் சுவாமி ஏறாத படி இல்லை. மனேஜர் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் ஆளையும் பெட்டியையும் விட்டபோது ரெஜினா வீட்டுக்குப் போகவில்லை. நேரே கண்டிக்கு பஸ் ஏறினார். பஸ் நிலையத்தில் இறங்கியவரின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "தேத்தண்ணி ஒண்டு வாங்கித் தாங்கோ. மெஷின் ஓன்லதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார். டிஸ்குகளை ஏற்றினோம். இடைப்பட்ட நாட்களில் மாறியவற்றைத் தனியாகக் குறித்து வைக்கும்படி முன்பே இயந்திரத்தைப் பழக்கியிருந்தார். லைனைத் திறந்ததும் அவை மட்டும் வந்து சேர்ந்தன. இரண்டு பக்கமும் ஒன்றானபோது அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

ரெஜினாவுக்குப் பேசி முடித்திருந்த கலியாணம் அந்த மாதமே நின்றது. 'ஆமியிட்ட இருந்திட்டு வந்த பிள்ளை' என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். பிறகு அவர் கலியாணமே செய்யவில்லை. வேலையை விடுங்கள் என்று நான் கெஞ்சினேன். "விட்டிட்டுப் போனால், தானே எல்லாம் செய்ததெண்டு அவர் சொல்லுவார். நான் இங்கதான் இருப்பன், அவருக்கு முன்னாலதான் இருப்பன்" என்றார்.

அடுத்த வருடம் ஷெல் விழுந்தது. ஆட்கள் தப்பினார்கள், இயந்திர அறை எரிந்து போனது. வெருகல் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த சனத்துக்குப் போகவேண்டிய மாவும் மருந்தும் கிடங்குகளில் கிடந்தன. ரெஜினா எனக்கு எடுத்த முதல் அழைப்பிலேயே, "கண்டிப் பிரதியைத் திறந்து விடுங்கோ. சனத்தின்ர சாமான் முதல் போகட்டும். மற்றக் கதை பிறகு" என்றார். மத்தியானத்துக்கு முன்பே லொறிகள் புறப்பட்டன. அதன் பிறகுதான் தலைமை அலுவலகத்தோடு கூட்டு அழைப்பு. மனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்டிக்கு டிஸ்குகளை முன்கூட்டியே அனுப்பிவைத்தது தான்தான் என்று தொடங்கினார்.

"எந்த டிஸ்க், சேர்?" என்றார் ரெஜினா. "எங்கட கம்பெனிக்கு அப்பிடி ஒரு சாமானும் இல்லையெண்டெல்லோ நீங்கள் ஆமிக்குச் சொன்னனீங்கள்?" பிறகு இயக்குநர்களுக்கு விளங்கும்படி அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். "அது... பயத்தில சொன்னது" என்றது மனேஜரின் குரல். கண்டியில் ரிசீவரைப் பிடித்தபடி நான் சந்தோஷத்தில் மேசையில் குத்தினேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு இனிக்கிறது, மறைக்க மாட்டேன்.

ஆனால் மூன்றாம் மாதம் மனேஜர் பதவி உயர்வோடு கொழும்புக்குப் போனார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ரெஜினாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அந்த மனிதர் மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன். "சுவாமியும் அதைத்தான் கேட்டவர். மன்னிக்க ஏலாதெண்டு நான் சொல்லேல்லை. வந்து கேக்கட்டும். கேளாத ஆளுக்கு எப்பிடிக் குடுக்கிறது?" என்றார். வெளியே வந்ததும் மனேஜருக்கு அழைத்து, எந்த வார்ட், எந்தக் கட்டில் என்று சொன்னேன். "பாப்பம், கொஞ்சம் வேலை" என்றார். ரெஜினா சில கிழமை அங்கே கிடந்தார். மனேஜர் வரவில்லை. இப்போது ரெஜினாவின் நினைவு மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்கிறார். மலரைத் தொகுப்பவன் நான். அவருடைய கட்டுரை அதில் வராது.

மனேஜர் அவர்களே, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்களை மன்னிக்கக் கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரை அடக்கம் செய்துவிட்டோம். என்னிடம் வந்து கேட்காதீர்கள். ரெஜினாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய கோபம் மட்டும்தான், அதை உங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.