நாற்பத்தொன்றாம் மூடி

மார்ச் 14, வெள்ளி, காலை 10.40. குற்றச்சாட்டு: பம்ப் மூடி எண் 41-இல் மரைச்சுருளின் வாலை நீக்கவில்லை, போல்ட் முழுதாக இறங்கவில்லை, எண்ணெய் கசிந்தது. அறிவிப்புப் பலகையில் மேற்பார்வையாளர் ஒட்டியிருந்த இவ்வரிகளைத் தொழிலாளி கால்சுத்து எழுத்துப் பிசகாமல் படியெடுத்துக்கொண்டார். அன்று மாலையே அவரைப் பொருத்தும் மேசையிலிருந்து எழுப்பி, அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பினார்கள்.

கால்சுத்து என்பது சக தொழிலாளர் இட்ட பெயர். இயந்திரப் பிரிவில் துளையும் மரையும் வெட்டிவரும் அலுமினிய மூடிகளில் எஃகுச் சுருளைத் திருகி இறக்குவது அவர் வேலை. அலுமினியம் மென்மையானது; சுருள் இல்லாவிட்டால் நாலு முறை கழற்றி மாட்டுவதற்குள் மரை தேய்ந்துவிடும். "சுருளு துளை வாசல தாண்டித் தலைய நீட்டக் கூடாதுய்யா. கால் சுத்து உள்ள நிக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். எவரும் கற்றுத்தரவில்லை, சுருள் பெட்டிக்குள் வந்த விளக்கத்தாள்தான் ஆசான். மடிப்பில் கிழிந்த அதைத் துணியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

சுருளின் அடியில் குறுக்கே நிற்கும் சிறு கம்பிதான் வால். இறக்கியதும் அதைத் தட்டி முறித்து, இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் குப்பையில் போடுவதை அவர் மூடி எண் குறித்து நோட்டில் ஒட்டுவார். அலமாரியில் புடவைக்கு இடமில்லாத அளவுக்கு நோட்டுகள் பெருகியபோது மனைவி கேட்டார்: "என்னையும் ஒரு பக்கத்துல ஒட்டி நம்பர் போட்டுடுங்களேன்."

பத்தொன்பது நாள் பெட்டி ஒட்டினார். விசாரிக்கக் கேட்டு மூன்று கடிதம் கொடுத்தார். கடைசியில் மேற்பார்வையாளர் அந்த மூடியை எடுத்துவைத்து அவரைத் தம் அறைக்கு அழைத்தார். கால்சுத்து அம்மாத நோட்டை விரித்தார். நாற்பத்தொன்றாம் மூடியின் பக்கம்: எட்டுத் துளை, எட்டு வால்.

"இதெல்லாமா சேத்து வைப்ப? உனக்குத்தான்யா மரை கழண்டிருக்கு."

கால்சுத்து மூடியைத் தம் பக்கம் இழுத்தார். மெல்லிய கம்பியொன்றைத் துளை துளையாக விட்டு ஆழம் காட்டினார். ஏழில் ஒரே அளவு. கசிந்த துளையில் மட்டும் கம்பி இரண்டு மரை முன்னதாகவே முட்டி நின்றது. உள்ளே வால் இல்லை, இயந்திரப் பிரிவு வெட்டிய துளையே குட்டை. மேற்பார்வையாளர் கம்பியை வாங்கித் தாமும் இருமுறை விட்டுப் பார்த்தார்.

"ஆழம் பாக்கறது என் வேலையில்ல சார். இருந்தாலும் இனிமே பாப்பேன்" என்றார் கால்சுத்து.

மேற்பார்வையாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரல் தணிந்தது. "சரிப்பா, மனசுல வெச்சுக்காத. நாளைலேருந்து மேசைக்கு வந்துடு."

கால்சுத்து ஒரு வெள்ளைத்தாளை அவர் முன் விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, முனை தம் பக்கம் இருக்குமாறு நீட்டினார்.

"அத எழுத்துல குடுங்க சார். தேதி போட்டு."