படுத்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில், ஒரு பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே ஓர் உரச் சாக்கு. கையில் டார்ச். பார்க்க வேண்டியதைப் பார்த்து ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வெளியே வரவில்லை.

வெளியே நான்கு பேருடைய கால்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன. வந்தால் பேச வேண்டும். என்ன பேசுவது?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பழைய பிழைப்பு தெரியும். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயர். கொண்டை ஊசி வளைவில் உருண்ட லாரி, பனிமூட்டத்தில் பஸ்ஸோடு மோதிய வேன்... நசுங்கிய தகரத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். ரிட்டையர் ஆன பிறகு அந்தப் பழக்கம் பழைய கார்கள் பக்கம் திரும்பியது. ஷெட்டில் கிடக்கும் காரைக் காட்டி, "இது எந்த வருஷம் சார்? ஒரிஜினல்தானே சார்?" என்று கேட்பார்கள். பார்த்துச் சொல்வேன். எழுதிக் கேட்டால் எழுதியும் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. அதில் ஒரு பெருமை வேறு!

உண்மையைச் சொன்னால் இந்த வேலை எனக்கு அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது. ஏன் தெரியுமா? கேட்கிற யாருக்கும் பதில் வேண்டியதில்லை. 'ஒரிஜினல்' என்ற ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். "பின்பக்கக் கதவு வேற வண்டியோடது" என்று சொல்லிப் பாருங்கள்... அவர்கள் பிள்ளையின் இனிஷியலைச் சந்தேகப்பட்ட மாதிரி முகம் மாறிவிடும்.

போன ஞாயிறு நான் கீழே படுத்திருந்தது தங்கவேலுவின் கார். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. பூர்வீகம் அன்னூர்ப் பக்கம். கேத்தியில் கேரட் வாங்கி, கழுவி, மேட்டுப்பாளையத்துக்கு லோடு அனுப்புகிற வியாபாரி. சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு ஆசை, பழைய கார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் மூலமாக அது நிறைவேறியது. சுதந்திரத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டி. இரண்டு கதவு, கரும்பச்சை. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஊட்டியில் பத்து நிமிஷத்தில் யார் வீட்டுக் கார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதை 'ஒரிஜினல்' என்று எழுதிக் கொடுத்த மகானுபாவன் நான்தான்.

மூன்று வாரம் முன்பு தங்கவேலு போன் செய்தார். குரலில் கொதிப்பு.

"ஏனுங்க சார்... ஒரு புள்ளை வந்து உங்களைக் கொறச்சுப் பேசிப்போட்டாளுங்க. எனக்கு ரத்தமே கொதிச்சுப் போச்சுங்க."

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஊட்டியில் நடக்கிற பழைய கார் கண்காட்சிக்குத் தங்கவேலு பெயர் கொடுத்திருந்தார். பிரேக் சரியில்லை என்று, கோயமுத்தூரில் பழைய வண்டிகளைச் சீர்செய்யும் ஷெட் வைத்திருக்கும் கவிதா என்ற பெண்ணை வரவழைத்திருக்கிறார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் அரை மணி நேரம் காருக்கு அடியில் கிடந்துவிட்டு எழுந்து வந்து, "அண்ணா, இது ஒரு வண்டி இல்லீங்க, ரெண்டு வண்டி. சேஸிஸ் நம்பர் இருக்கற துண்டை வெட்டி ஒட்டியிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

தங்கவேலு விடுவாரா? கேரட் கழுவிக்கொண்டிருந்த பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள், வந்திருந்த வியாபாரிகள்... அத்தனை பேர் முன்னாலும் கத்தியிருக்கிறார். "சார் கைப்பட எழுதிக் குடுத்திருக்கறாரு. அவருக்குத் தெரியாதது உனக்கென்ன தெரியும்? ஸ்பானரைப் புடிச்சாப் போதுமா?" ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாராம். அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"'சாரையே ஒருக்கா அடியில படுத்துப் பாக்கச் சொல்லுங்கண்ணா'ங்கறா. என்ன திமிருங்க சார்!"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போனை வைத்துவிட்டு, கடிதம் கொடுப்பதற்காக அந்தக் காரைப் பார்த்த நாளை யோசித்துப் பார்த்தேன். ஜூலை மாதம், அடைமழை. தங்கவேலு வீட்டு மிளகாய் பஜ்ஜி ஞாபகம் வந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோது வந்த சத்தம் ஞாபகம் வந்தது. டேஷ்போர்டில் இருந்த பித்தளைத் தகடும், சீட்டின் தோல் வாசனையும் ஞாபகம் வந்தன. காரின் அடிப்பாகம்...? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பைலைத் தேடி எடுத்தேன். நானே டைப் அடித்த கடிதத்தின் நகல். 'வண்டியின் அடிப்பகுதி உட்பட முழுமையாகப் பரிசோதித்தேன்.' கீழே என் கையெழுத்து. அழகான கையெழுத்து, அதில் குறையே இல்லை.

யோக்கியன் என்றால் அப்போதே போன் போட்டு, "தங்கவேலு, அன்னைக்கு நான் சரியாப் பாக்கலைன்னு தோணுது" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டு வாரம் மூட்டு வலி என்று தள்ளிப்போட்டேன். அந்தப் பெண் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனால், தங்கவேலு ஒரு பஞ்சாயத்தே கூட்டி வைத்திருந்தார். அன்றைக்கு அவர் கத்தியதைக் கேட்ட இரண்டு வியாபாரிகள், அவர் மனைவி சரஸ்வதி, அவர். எல்லோர் முன்னாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் கடிதம். பிரேம் போட்டு!

முதலில் மேலே பார்த்தேன். அந்தக் காலத்து ஸ்க்ரூவின் தலையில் ஒரே ஒரு கோடுதான் இருக்கும். இந்த வண்டியின் கதவில் நான்கு ஸ்க்ரூவுக்குப் பிளஸ் குறி. சரி, யாராவது மாற்றியிருக்கலாம். பிரிட்டிஷ் வண்டியின் நட்டுக்கு இஞ்ச் கணக்கு ஸ்பானர்தான் பொருந்தும். இதற்கு என் பையில் இருந்த மில்லிமீட்டர் ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தது. சரி, அதையும் மாற்றியிருக்கலாம். மிதியடியைத் தூக்கினேன். பாடிக்கு உள்ளே இருக்கும் மரச்சட்டத்தைக் கொஞ்சம் சுரண்டினால், நம் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்! கப்பலில் வந்த காருக்குள் சில்வர் ஓக் எங்கிருந்து வந்தது?

மரம் உளுத்துப் போயிருக்கும், மாற்றியிருப்பார்கள் என்று அதற்கும் மனசு ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. இப்படிச் சமாதானம் கண்டுபிடிக்கத்தான் நமக்கு எவ்வளவு நன்றாக வருகிறது!

பிறகுதான் சாக்கை விரித்துப் படுத்தேன். டார்ச்சை அடித்த இரண்டாவது நிமிஷம் தெரிந்துவிட்டது.

வண்டியின் முதுகெலும்பான சேஸிஸ் சட்டத்தில் ஓர் உள்ளங்கை அகலத் துண்டு. அதில்தான் நம்பர். துண்டைச் சுற்றி வெல்டிங் மேடு. அதை ராவி, பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். நம்பர் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடித்தது, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, அசல் தொழிற்சாலை நம்பர். பின்னால் சட்டத்தின் கனமே வேறு. என்றைக்கோ செத்துப்போன ஒரு நல்ல வண்டியின் முன்பாகத்தோடு இன்னொரு வண்டியின் பின்பாகத்தைச் சேர்த்து, நல்ல வண்டியின் பின்சட்டத்தில் இருந்த நம்பரை வெட்டி இதில் ஒட்டியிருக்கிறார்கள். நம்பர் உண்மை. அது உட்கார்ந்திருந்த இடம்தான் பொய்.

வெல்டிங் மேல் இருந்த பெயின்ட் வெடித்து, துரு ஏறிப் போயிருந்தது. ஏழு வருஷத்துக்கும் முந்தைய வேலை. அன்றைக்கு நான் இரண்டு நிமிஷம் படுத்திருந்தால் போதும்...

ஒரு வழியாக வெளியே வந்தேன். சரஸ்வதி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"சொல்லுங்க சார்," என்றார் தங்கவேலு. "எல்லாரும் கேக்கட்டும்."

"தங்கவேலு... அந்தப் பொண்ணு சொன்னது சரி."

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு அவரே எனக்கு ஒரு வழி செய்து கொடுத்தார். "நடுவுல சர்வீஸுக்கு உட்டப்ப எவனாச்சும் மாத்திப்போட்டானுங்களா சார்? அப்படித்தானுங்க இருக்கோணும்?"

தலையாட்டினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? தங்கவேலுவும் சந்தோஷமாக ஏதோ ஒரு மெக்கானிக்கைத் திட்டிவிட்டு விட்டுவிடுவார். என் கடிதமும் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். தலை ஆட ஆரம்பித்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கோயமுத்தூரில் அந்தப் பெண் அவமானத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாளே, அதற்கு யார் பதில்?

"இல்லைங்க. வெல்டிங் பழசு. நீங்க வாங்கறப்பவே இருந்திருக்கு."

"அப்புறம் அன்னைக்கு உங்களுக்கு ஏனுங்க தெரியல?"

"நான் அன்னைக்குப் படுத்துப் பாக்கவே இல்லைங்க. பாத்தேன்னு எழுதிட்டேன்."

வியாபாரிகள் இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள். சரஸ்வதிதான் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு நெம்ப மழைங்க. வாசலெல்லாம் சேறு. சார் எப்படிங்க படுப்பாரு?"

"நீ சும்மா இரு," என்றார் தங்கவேலு. என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வித்தவன் ஏமாத்துனான், அவனை வாய் வலிக்கத் திட்டலாமுங்க. நீங்க ஏமாத்தல... பாக்கல, அவ்வளவுதான். உங்களை என்னன்னு சார் திட்டறது?"

 

அவர் உள்ளே போய் பிரேமைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கவிதாவைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நாந்தான் கேத்தித் தங்கவேலு பேசறேன். அன்னைக்கு நான் பேசுனது தப்பு அம்மிணி. எல்லாரு முன்னாலயும் திட்டுனேன், அதான் இப்ப எல்லாரு முன்னாலயும் சொல்றேன். மனசுல வெச்சுக்காத."

"அட, உடுங்கண்ணா," என்றது அந்தப் பக்கம். "பிரேக்கு அப்படியேதான் இருக்குதுங்களா? இறக்கத்துல ஓட்டிப்போடாதீங்க. வியாழக்கிழமை வந்து செஞ்சு தர்றேன்."

தங்கவேலு போனை என்னிடம் நீட்டினார். வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "கவிதா, நீங்க சொன்னது சரிதாம்மா" என்றேன்.

"தெரியுங்க சார்." கொஞ்சம் தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க சார். உங்க லெட்டரோட இன்னும் ரெண்டு வண்டி எங்க ஷெட்டுக்கு வந்துச்சுங்க. ஒண்ணு சரியாத்தான் இருந்துச்சு."

இன்னொன்றைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஏம்மா அப்பவே என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா சார்?"

குன்னூர் திரும்புகிற பஸ்ஸில் மடியில் அந்த பிரேமோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "அவார்டுங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பைலில் இருந்த கடிதங்களை எல்லாம் மேஜையில் பரப்பினேன். முப்பத்தொன்று. படுத்துப் பார்த்தேன் என்று சத்தியம் செய்யக்கூடியவை பத்தொன்பது. மிச்சம் பன்னிரண்டில் ஒரு தடவை மழை, ஒரு தடவை வெள்ளைச் சட்டை, ஒரு தடவை "சாருக்குத் தெரியாததா!" என்று யாரோ சொன்ன மயக்கம். கெட்ட எண்ணம் எதிலும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எந்த ஆபீஸில், எந்தப் பாலத்தில், எந்த லிஃப்டில், என்னைப் போல எத்தனை நல்லவர்கள் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்களோ?

பன்னிரண்டு வண்டியையும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மூட்டு வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. என்ன செய்ய?

தங்கவேலு கண்காட்சியிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். வண்டியை விற்கவில்லை. வியாழக்கிழமை கவிதா வந்து பிரேக் போட்டுக் கொடுத்தாளாம், சாப்பிட்டுவிட்டுத்தான் போனாளாம். இதெல்லாம் சரஸ்வதி போனில் சொன்னது. இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதச் சொல்லு, பேரை மாத்திக்கச் சொல்லு" என்றாராம் தங்கவேலு. என்னிடம் அவர் இன்னும் பேசவில்லை.

பன்னிரண்டில் முதலாவதாக, புதன்கிழமை நடுவட்டம் போனேன். முத்தையா, தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை ஒருவர் விட்டுச்சென்ற கார் அவரிடம் இருக்கிறது. பத்து வருஷம் முன்பு அதற்கும் ஒரு கடிதம் கொடுத்திருந்தேன். ஈரத் தரையில் ஒரு மணி நேரம் படுத்து, ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்தேன். எல்லாமே அசல். ஒரு நட்டு மாறவில்லை. எழுந்து வந்து, "ஐயா, நூத்துக்கு நூறு சரியா இருக்கு!" என்றேன். எனக்குத்தான் சந்தோஷம். அவர் முகம் வாடிவிட்டது.

"அதைத்தான் நீங்க அப்பவே எழுதிக் குடுத்தீங்களே ஐயா. இப்ப என்னாத்துக்குத் திரும்ப வந்து பாத்தீங்க?"

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தேநீர் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட்டார்.

நேற்று அவரிடமிருந்து போன். "ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது... காரைக் கூடலூருல வேற ஒருத்தருகிட்ட ஒருக்காக் காட்டிக்கிறட்டுமா?"

தாராளமாகக் காட்டுங்கள் என்றேன். என்னிடம் கடிதம் வாங்கியவர்களில், நான் சொன்னதை அப்படியே நம்பாத முதல் ஆள்... நல்ல மனிதர்!