அரைக் கட்டை

அறுபதுகளில், இசையில் முதுகலை படிக்க எங்கள் ஊரிலிருந்து இந்தியா போவதற்கு ஒருவருக்கு மட்டுமே இடம் இருந்தது. பட்டமும் குருவின் கடிதமும் எனக்கும் இருந்தன, என் சிநேகிதி உப்புவெளி சாந்திக்கும் இருந்தன. மிச்சம் குரல் தேர்வுதான். துறைமுகத்தருகே ஒரு மண்டபத்தில் நடந்தது.

நான் பாடி முடித்ததும் அவளுக்குச் சுருதிப்பெட்டி போட உட்கார்ந்தேன். அவளுடைய சுருதி ஐந்து கட்டை. நான் அரைக் கட்டை கூட்டி வைத்தேன். கை தவறவில்லை. மேல் ஸ்தாயியில் அவள் குரல் உடைந்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

“நீ வடிவாத்தான் சுருதி போட்டனீ. என்ர தொண்டைக்குத்தான் ஏலாமப் போச்சு, என்ன?”

“ஓம்” என்றேன்.

அந்த இடம் எனக்கே கிடைத்தது. இப்போது நான் சங்கீத ஆசிரியை. சுருதிப்பெட்டியை மட்டும் நான் தொடுவதில்லை. மாணவிகளே வைப்பார்கள். பிறகும் இரண்டு தரம் கேட்பேன்:

“உன்ர கட்டைதானே, பிள்ளை?”