பேடிங்

என் மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருப்பதற்குக் காரணம் குளிர்காற்று. டாக்டரே இதை நம்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர் தொலைபேசி நிலையத்தில், வெளியூர்ப் பேச்சை அலையாகக் கடத்தும் மைக்ரோவேவ் கருவிகளை மேய்த்துக்கொண்டிருந்தேன். மார்கழி விடியலில் காற்று அசையாமல் படுத்துவிடும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதன் தலைமேல் வெதுவெதுப்பான காற்று. நேராக வரவேண்டிய அலை இரண்டுக்கும் நடுவில் வளைந்து, பல வழிகளில் வந்து, தன்னைத்தானே அடித்துக்கொண்டு சாகும். எங்கள் பாஷையில் இதற்கு ஃபேடிங். முன்னறிவிப்புக்குக் கருவி வேண்டாம். தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் மேலே எழாமல் தெருவிலேயே கிடந்தால் அன்று மெட்ராஸ் லைன் அவ்வளவுதான்.

அப்படியொரு காலையில் டேனரி மேஸ்திரி ஒருவர் எங்கள் கட்டட பூத்திலிருந்து மெட்ராஸ் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கே புருஷன் அடித்துத் துரத்திய மகளை மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் பேச்சு.

"என் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு சம்பந்தி?" என்று அவர் கேட்ட இடத்தில் லைன் செத்தது.

மேஸ்திரி என் அறைக் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். ஈரத்தோலைப் புரட்டிப் புரட்டித் திரண்ட கைகள் என் கழுத்தைப் பிடித்தன.

"நான்தான் போனை வெச்சிட்டேன்னு நெனச்சிக்குவான்யா! இன்னாத்துக்குடா கட்டாச்சு?"

நான் படித்தவன். கழுத்து நெரிபட்டாலும் துறைச்சொல்லைத்தான் சொல்வேன். மரியாதைக்கு ஒரு 'க'வும் சேர்த்தேன். குரல்வளை அவர் பிடியில் இருந்ததால் 'ஃ' வெளியே வரவில்லை.

"பேடிங்க."

"யார்றா பேடி? பொண்ணப் பெத்தவன்னா பேடியா?"

முதல் குத்தில் மூக்கு. அடுத்ததில் கண்ணாடி. மேசைக்கடியில் ரத்தம் துப்பியபடி, "வெயில் ஏறட்டும்ணே, காத்து கலந்துடும், லைன் வந்துடும்" என்றேன். ஜோசியம் சொல்கிறேன் என்று ஓர் உதை ஜாஸ்தி கிடைத்தது.

வெயில் ஏறியது. நாற்றம் தெருவைவிட்டு எழுந்தது. லைன் பளிச்சென்று தெளிந்தது. மேஸ்திரி மறுபடி பூத்துக்குள் போனார்.

"அடிச்சது சரின்றியா?... இன்னொரு தபா அடிப்பான்றியா?" ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "என் பொண்ணு அங்க வராது. நான்தான் வர்றேன். உம் புள்ளய எங்கியும் போவாம இருக்கச் சொல்லு."

அடுத்த நொடி ரிசீவர் சுவரில் மோதிச் சிதறியது.

என்னை நோக்கி வந்தார். மிச்சமிருந்த முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"கோச்சிக்காத சார். நீ கரெக்டாத்தான் சொல்லியிருக்க. பொம்பளய அடிக்கிறவன் பேடிதாங்க."

திருத்தலாம் என்று நினைத்தேன். வாய் வீங்கியிருந்தது.