சப்ஜெக்ட் வராத நாள்

நான் நடத்திய பாடத்துக்கு நானே தேர்வாளராக உட்கார வேண்டும் என்று கேட்டதைப் பேராசை என்றார்கள். இன்றும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, லாரிகள் மட்டும் நிற்காமல் போகிற ஒரு சாலையோரப் பொட்டலில் இருந்தது அந்தக் கல்லூரி. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதுகலை உளவியலை அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். துறையில் நிரந்தர ஆசிரியர் ஒருவர்தான், துறைத்தலைவர். அவர் படித்தது தத்துவம். "தத்துவத்துல இருந்து பொறந்ததுதானம்மா உங்க சைக்காலஜி" என்பார், பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தோரணையில். மற்ற எல்லோரும் பகுதிநேரம். அவர்களில் நான்தான் இளையவள். சோதனை உளவியலும் அதன் செய்முறை வகுப்பும் என் தலையில் விழுந்தன. கருவிகளைத் தூசி தட்டி, பழுது பார்த்து, மாடி ஆய்வகத்துக்கும் கீழுக்கும் சுமக்க வேண்டிய பாடம் அது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

எரியோட்டுப் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது.

அந்த ஆண்டு தொடக்கத்தில், செய்முறைத் தேர்வுக்கு இன்டர்னல் எக்ஸாமினராக, அதாவது கல்லூரியின் பக்கத்துத் தேர்வாளராக, என் பெயரை அனுப்புவதாகத் துறைத்தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். வெளியூரிலிருந்து வருகிற எக்ஸ்டர்னலுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. நான் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பரிச்சை எழுதப் போறியா? இன்னுமா முடியல?"

"எழுதல, வைக்கப் போறேன். பிள்ளைக செய்யிறத உக்காந்து பாத்து மார்க்குப் போடணும்."

"ஜட்ஜய்யா மாதிரியா?"

"அந்த மாதிரிதான்னு வச்சுக்க."

"அப்ப நல்ல சேலையா ஒண்ணு கட்டிட்டுப் போ. ஜட்ஜு போயி வாயில் சேலையில உக்காந்தா ஒருத்தனும் பயப்பட மாட்டான்" என்றார் அம்மா. மறுநாள் விடிவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. பூப்பறிக்கப் போகிற பெண்கள் என்னைப் பார்த்து, "ஏத்தா ஜட்ஜம்மா, எங்களுக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லிட்டுப் போ" என்று கத்தினார்கள்.

தேர்வன்று அம்மா எடுத்து வைத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். கோடை விடுமுறை, வளாகமே வெறிச்சோடிக் கிடந்தது. ஆய்வகத்தில் மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மதுரையிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் மேடம். இன்னொன்றில் துறைத்தலைவர்.

"பேரு அனுப்புறப்ப யுனிவர்சிட்டில பர்மனென்ட் ஸ்டாஃப்தான் வேணும்னுட்டாங்கம்மா" என்றார், என் சேலையைப் பார்க்காமல். "நீங்க பிள்ளைங்களப் பாத்துக்கங்க. சப்ஜெக்ட்டெல்லாம் வந்துட்டாங்களான்னு எண்ணிச் சொல்லுங்க."

சப்ஜெக்ட் என்றால் பாடம் இல்லை, ஆள். எங்கள் செய்முறைத் தேர்வில் மாணவர் தனியாக வந்து பயனில்லை. யார் மீது சோதனை நடத்தப் போகிறாரோ அந்த ஆளையும் கையோடு கூட்டி வர வேண்டும். தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, விடுதிப் பிள்ளையோ, வடையும் டீயும் வாங்கிக் கொடுத்து அழைத்து வருவார்கள். ஆள் வராவிட்டால் தேர்வு இல்லை. மறுபடி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

நான் வாசலில் நின்றேன். நின்ற இடத்திலிருந்து அந்த நாற்காலி நன்றாகத் தெரிந்தது.

எல்லோருக்கும் ஆள் வந்துவிட்டது, சிறுமலை மாணவிக்கு மட்டும் வரவில்லை. அவர் என்னைவிட வயதில் மூத்தவர். வீட்டில் மலைவாழையும் மிளகும். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் படிக்க வந்தவர். நகரத்தில் ஒரு பள்ளியில் ஆலோசகர் வேலை அவருக்காகக் காத்திருந்தது, இந்தத் தேர்வு முடிந்தால் போதும். அவருடைய நாத்தனார் காலைப் பேருந்தில் மலையிலிருந்து இறங்குவதாகப் பேச்சு. பேருந்து கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டதாம், அடுத்தது மத்தியானம்தான். இவருக்குக் குலுக்கலில் வந்திருந்த சோதனையோ கண்ணாடி வரைதல்.

அந்தச் சோதனையில் ஒரு நட்சத்திரப் படத்தின் கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். படத்தை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தகடு மறைத்திருக்கும். எதிரே உள்ள கண்ணாடியில் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே இறங்கும். திரும்பத் திரும்பச் செய்யும்போது தப்பு எப்படிக் குறைகிறது என்பதுதான் கணக்கு. முன்பே பழகியவர் உட்கார்ந்தால் சோதனையே இல்லை. அன்று மற்றவர்களுக்கு ஆளாக வந்திருந்த எல்லோருமே விடுதிப் பிள்ளைகள், வருடம் முழுக்க எங்களிடம் அந்த நட்சத்திரத்தைப் போட்டுப் பழகியவர்கள். வாட்ச்மேன் அண்ணனோ பீடி பிடித்துக்கொண்டே போட்டுவிடுவார்.

சாலை வரை ஓடினேன். ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர் மட்டும் வேலியோரம் நின்றார்.

"அக்கா, செத்த நேரம் உள்ள வந்து ஒரு படம் போட்டுட்டுப் போவீங்களா?"

"நா வந்து படம் போட்டா, ஏ ஆட்ட நீ மேப்பியா? பட்டுச் சேல கட்டிக்கிட்டு?" என்று சிரித்துவிட்டு அவர் நடந்தார்.

திரும்பி வந்தபோது மாணவியின் கண் கலங்கியிருந்தது. துறைத்தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நீயே உக்காந்துரேன்" என்றார் என்னிடம். மரியாதை அதற்குள் குறைந்திருந்தது. "சும்மாதான நிக்கிற."

ஆய்வகமே என்னைப் பார்த்தது. ஒரு வருடம் நான் நின்று பாடம் சொன்ன அறை அது.

"இல்ல சார். எனக்கு இது தண்ணி பட்ட பாடு. நான் போட்டா தப்பே விழாது. தப்பு விழலைன்னா இவங்க எதை வச்சு எழுதுவாங்க?"

"வேணும்னே நாலு தப்புப் போடேன். யாரு பாக்கப் போறா?"

"மேடம் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. அவங்க பாக்கலைன்னாலும் போட மாட்டேன் சார்."

எக்ஸ்டர்னல் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க சொல்றது சரி. பழகாத ஆளுதான் வேணும். வேற யாரும் இல்லையா?"

"ஒருத்தர் இருக்காரு மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. "இந்தக் கருவியை ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்காதவரு."

"யாரு?"

"சார்தான்."

வாசலில் வாட்ச்மேன் அண்ணன் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை இறக்கவில்லை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்றுவரை அவர் ஒருநாளும் ஆய்வகத்துக்கு மாடி ஏறி வந்ததில்லை.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு பிள்ளையோட வருஷம் சார், வாங்களேன்" என்றார். துறைத்தலைவரால் மறுக்க முடியவில்லை. எழுந்து போய்க் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தார். மேடம் காலியான நாற்காலியைக் காட்டினார். "நீங்க இங்க வாங்க. இன்டர்னல் இடத்துல யாராவது இருக்கணும்ல?"

உட்கார்ந்தேன்.

சிறுமலை மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்த வரிசையில் ஒன்றுவிடாமல் ஆரம்பித்தார். "சார், கண்ணாடியை மட்டும் பாருங்க. கோட்டை விட்டு வெளிய போகாம, முடிஞ்ச வேகத்துல போடுங்க."

பென்சில் முதல் முனையிலேயே சிக்கிக்கொண்டது. கிழக்கே போக வேண்டியது மேற்கே போனது.

"என்னம்மா இது, இங்கிட்டு இழுத்தா அங்கிட்டுப் போகுது?"

"நடுவுல பேசக் கூடாது சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாட்டை நான் மேசையிலிருந்து பார்த்தேன்.

முடிந்ததும் வாய்மொழிக் கேள்வி. "சப்ஜெக்ட்கிட்ட என்ன கவனிச்சீங்க?" என்று மேடம் கேட்டார். மாணவி என்னைப் பார்த்தார். கண்டதை மட்டும் சொல், கண்டதை மறைக்காதே என்று வருடம் முழுக்கச் சொன்னவள் நான். தலையசைத்தேன்.

"மொதல்ல கோவம் வந்துச்சு மேடம். பல்லைக் கடிச்சாரு. அப்பறம் கண்ணாடி கோணலா இருக்குன்னு சொன்னாரு. கடைசில கை பழகிருச்சு, தப்புக் கொறஞ்சிருச்சு."

"ரொம்ப நல்லாக் கவனிச்சிருக்கீங்க."

துறைத்தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பெரியவர் வந்தால் எழ வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அதுதான். என் கால்கள் பழக்கத்தில் தரையை ஊன்றின. நான் எழவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மிச்சத் தேர்வு முழுவதும் மேடமும் நானும் கேள்வி கேட்டோம், மதிப்பெண்ணை நான் எழுதினேன். கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. ஆணையில் இருந்தது அவர் பெயர்தான்.

அந்தக் கையெழுத்து என்னை உறுத்தியது. புறப்படும்போது அவரிடம் போய்ச் சொன்னேன்: "அடுத்த வருஷம் என் பேரு ஆர்டர்ல வந்தா இந்தப் பேப்பரை எடுப்பேன் சார். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

"பாத்துக்கறேன்" என்றார்.

"என்னாத்தா, ஜட்ஜா உக்காந்தியா?" என்று கேட்ட அம்மாவிடம், "பாதி" என்றேன். "மீதிய யாரு வச்சிருக்கா?" என்றார் அம்மா.

ஜூன் முடியும்போது ஊரில் எஸ்.டி.டி. பூத்துக்குத் துறைத்தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. பூத்துக்காரர் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பேப்பருக்கு யாரும் சரியா அமையலம்மா. திங்கக்கெழம வந்துருங்க."

"இன்டர்னல், சார்?"

பூத்துக் கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் அவசரப்படவில்லை.

"பேரை அனுப்பிடுறேன்மா." பர்மனென்ட் ஸ்டாஃப் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

"அனுப்பிட்டு ஒரு போன் போடுங்க சார்" என்றேன். "வாரேன்."